வீடா, மனையா? நகர்ப்புற ஏழைகளுக்கு அரசு எதைக் கொடுக்க வேண்டும்

சென்னையின் ஓரத்தில் அரசின் கையில் 100 ஏக்கர் நிலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆற்றங்கரையில் குடிசை போட்டிருப்பவர்கள், ஒரே அறையில் மூன்று தலைமுறையாக நெருக்கிக்கொண்டு இருப்பவர்கள், வாங்கும் கூலியில் பெரும்பகுதியை வாடகைக்குக் கொடுப்பவர்கள் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் காத்திருக்கின்றன. அந்த நிலத்தை என்ன செய்வது? எட்டு மாடிக் குடியிருப்புகளைக் கட்டிச் சாவியைக் கொடுக்கலாம். ரோடு போட்டு, தண்ணீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மின்கம்பம் எல்லாம் கொண்டுவந்து, சின்னச் சின்ன மனைகளாகப் பிரித்துக் கொடுத்து, வீட்டை அவரவரே கட்டிக்கொள்ள விடலாம். நிலத்தை விற்று, அந்தப் பணத்தை வீடு கட்ட மானியமாகப் பிரித்துக் கொடுக்கலாம். அல்லது மக்கள் இப்போது இருக்கும் இடத்திலேயே பட்டாவும் வசதிகளும் கொடுத்துவிட்டு, இந்த 100 ஏக்கரை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம்.

நான்கையும் தமிழ்நாட்டில் ஏதோ ஒரு காலத்தில் செய்து பார்த்திருக்கிறோம். இரண்டாவது வழியை மட்டும் ஏறக்குறைய மறந்துவிட்டோம். அதை மறந்திருக்கக் கூடாது என்பது என் வாதம். எல்லோருக்கும் அது பொருந்தும் என்று சொல்லவில்லை. யாருக்குப் பொருந்தும், எந்த நிபந்தனையோடு பொருந்தும் என்பதை மற்ற மூன்றோடும் வைத்துப் பார்க்க வேண்டும்.

அரும்பாக்கம் சொல்வது

1977-ல் உலக வங்கிக் கடனோடு சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய மூன்று இடங்களில் மனைகள் போட்டார்கள். அடுத்தடுத்த கட்டங்களில் முகப்பேர் போன்ற இடங்கள் வந்தன. திட்டத்தை ஒருங்கிணைத்தது அன்றைய சென்னை வளர்ச்சி அமைப்பான எம்.எம்.டி.ஏ. மனைகளை உருவாக்கும் வேலை வீட்டுவசதி வாரியத்துக்கு. ஏற்கெனவே இருந்த குடிசைப் பகுதிகளை மேம்படுத்தும் வேலை குடிசை மாற்று வாரியத்துக்கு.

செய்த விதம் எளிமையானது. மொத்த நிலத்தில் முதலில் தெருக்களைக் குறித்தார்கள். பள்ளிக்கும் கடைகளுக்கும் பூங்காவுக்கும் இடம் ஒதுக்கினார்கள். மிச்சத்தைப் பல அளவு மனைகளாகப் பிரித்தார்கள். எண்ணிக்கையில் பெரும்பான்மை மிகச் சிறிய மனைகள். அவை பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு, தவணை முறையில். பெரிய மனைகளையும் கடை மனைகளையும் நல்ல விலைக்கு விற்று, அதில் வந்த பணத்தைச் சிறிய மனைகளின் விலையைக் குறைக்கப் பயன்படுத்தினார்கள். சிறிய மனை வாங்கியவருக்குச் சில இடங்களில் கழிவறையும் அடித்தளமும் மட்டும் கிடைத்தன. சில இடங்களில் அதோடு ஓர் அறையும் கிடைத்தது. மீதியைக் குடும்பம் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். தவணையை முடித்தால் கிரயப் பத்திரம்.

இன்று அரும்பாக்கம் எம்.எம்.டி.ஏ. காலனிக்குப் போய்ப் பாருங்கள். அந்தச் சின்ன மனைகளில் தரைத் தளம், முதல் மாடி, இரண்டாவது மாடி என்று வீடுகள் எழும்பி நிற்கின்றன. தரைத் தளத்தில் தையல் கடை, இட்லி மாவுக் கடை, டியூஷன். மாடியில் வாடகைக்குக் குடும்பங்கள். தெருக்கள் நேராக இருக்கின்றன. ஆம்புலன்ஸ் உள்ளே போகிறது, குப்பை வண்டி போகிறது. சென்னை வளர்ச்சி அமைப்பின் பெயர் சி.எம்.டி.ஏ. என்று மாறிப் பல வருஷம் ஆகியும் காலனிக்குப் பழைய பெயரே நிலைத்துவிட்டது. திட்டம் வந்தபோது ஊரின் விளிம்பாக இருந்த இடம் அது. பிறகு 1996-ல் கோயம்பேடு சந்தை வந்தது, 2002-ல் வெளியூர்ப் பேருந்து நிலையம் வந்தது, 2015-ல் மெட்ரோ வந்தது. முதலில் மனை வாங்கிய குடும்பத்திடம் ஒரு காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை இருந்தது. அதே மனையில்தான் அவர்களின் பிள்ளைகள் மாடி எடுத்தார்கள்.

ஆனால் அன்றைக்கு இந்தத் திட்டங்களை யாரும் பெரிதாகப் பாராட்டவில்லை. மனை கொடுத்துச் சில வருஷம் ஆகியும் பாதி காலியாகக் கிடந்தது, ஊருக்கு வெளியே தள்ளி இருந்தது, ஏழைகள் வாங்கியதை நடுத்தர வர்க்கத்துக்குக் கைமாற்றிவிட்டார்கள், தவணை சரியாக வசூலாகவில்லை என்றெல்லாம் குற்றச்சாட்டு. 1972-ல் செனகலில் இந்த மாதிரித் திட்டத்துக்கு முதல் கடன் கொடுத்த உலக வங்கியே 1990-களில் இதிலிருந்து விலகிப் போனது. ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து ஆய்வாளர்கள் சென்னையிலும் மும்பையிலும் இதே பகுதிகளுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தபோதுதான், தோல்வி என்று எழுதிவைத்த இடங்கள் நன்றாக வாழும் குடியிருப்புகளாக மாறியிருந்தது தெரிந்தது. பல வருமானக்காரர்கள் கலந்து வாழும் தெருக்கள் அவை.

கைமாறியது என்ற குற்றச்சாட்டை நான் தள்ளிவிடவில்லை. விற்றவர்களில் பலர் கடனுக்காக, கல்யாணத்துக்காக, வைத்தியத்துக்காக விற்றிருப்பார்கள். அப்படி விற்ற குடும்பம் நகரத்தில் கால் ஊன்ற அரசு கொடுத்த இடத்தை இழந்தது. அது சின்ன இழப்பு இல்லை. ஆனாலும் மனையின் அளவே ஒரு காவலாக இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு சென்ட்டை ஒட்டிய மனையில் பணக்காரர் பங்களா கட்ட முடியாது. யார் வாங்கினாலும் அங்கே சின்ன வீடும் வாடகை அறைகளும்தான் வரும். அந்த அறைகளில் கூலி வேலைக்காரர்களும் கடைச் சிப்பந்திகளும் இருப்பார்கள். சிறு மனை ஏழைகளுக்கான இடத்தை நகருக்குள் பல பத்தாண்டுகள் தக்கவைக்கிறது, முதல் உரிமையாளர் போய்விட்டாலும்.

கண்ணகி நகரும் பெரும்பாக்கமும்

2000-ஐ ஒட்டி அரசின் போக்கு வேறு பக்கம் திரும்பியது. பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். கண்ணகி நகரில் மட்டும் 15 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். அங்கே முதலில் கட்டியவை சுமார் 200 சதுர அடி. பெரும்பாக்கத்தில் எட்டுத் தளக் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்து குடும்பங்களை அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள்.

இந்த வழிக்கு உண்மையான பலங்கள் உண்டு. முதல் நாளே தலைக்கு மேல் கான்கிரீட் கூரை, உள்ளேயே கழிவறை, கையில் சாவி. ஒரே ஏக்கரில் நிறையக் குடும்பங்கள். வெள்ளம் அடித்துக்கொண்டு போகும் கரையில் இருப்பவரிடம் 'மனை தருகிறேன், மெல்லக் கட்டிக்கொள்ளுங்கள்' என்று சொல்வது நியாயமில்லை. அடுத்த மழைக்குள் அவருக்குக் கூரை வேண்டும். வயதானவர்கள், தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் பெண்கள், உடல் முடியாதவர்கள் ஆகியோருக்கு வீடு கட்டும் பாரமே தாங்காது. அவர்களுக்குக் கட்டிய வீடுதான் சரி.

பிரச்சினை சாவி வாங்கிய மறுநாள் தொடங்குகிறது. வீட்டு வேலை செய்யும் பெண் மயிலாப்பூரிலோ நுங்கம்பாக்கத்திலோ காலை 6 மணிக்கு ஒரு வீட்டில், 8 மணிக்கு அடுத்த வீட்டில் இருக்க வேண்டும். பெரும்பாக்கத்திலிருந்து அது நடக்காது. மீன் விற்பவர், பூக்கட்டுபவர், தள்ளுவண்டிக்காரர் யாருக்கும் ஆறாவது மாடியில் தொழில் இல்லை. பையனுக்குக் கல்யாணம் ஆனால் ஓர் அறை கூட்ட முடியாது. வீட்டில் பாதியை வாடகைக்கு விட வழியில்லை. லிஃப்ட் நின்றால், மோட்டார் ரிப்பேரானால், மேல்தளத் தொட்டி ஒழுகினால் யார் பொறுப்பு என்பது முடிவில்லாத தகராறு. கட்டடத்தின் தரமும் பல இடங்களில் கைவிட்டிருக்கிறது. 2021-ல் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புதிதாகக் கட்டிய குடியிருப்பில் கை வைத்தாலே பூச்சு உதிர்ந்தது, ஐ.ஐ.டி. நிபுணர்களை வைத்துச் சோதிக்க வேண்டியிருந்தது. அதே வருஷம் டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட பழைய அடுக்குமாடி இடிந்து விழுந்தது. குடியிருந்தவர்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் தப்பின.

தன் வீட்டுச் சுவரைத் தானே கட்டியவருக்கு அதில் எத்தனை மூட்டை சிமென்ட் போனது என்று தெரியும். ஒழுகினால் அந்த வாரமே மேஸ்திரியைக் கூப்பிடுவார். அடுக்குமாடியில் மனு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மனைக்கும் மாடி வீட்டுக்கும் இருக்கும் பெரிய வித்தியாசமாக நான் நினைப்பது இதைத்தான். வீட்டின் மீதான அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது பத்து வருஷம் கழித்து வீட்டின் நிலைமையிலேயே தெரிந்துவிடுகிறது.

100 ஏக்கர் கணக்கு

எண்ணிக்கையைப் பார்த்தால் மாடிதானே வெல்லும் என்பார்கள். கணக்குப் போட்டே பார்ப்போம். இவை என் அனுமானங்கள்; உங்கள் ஊர் எண்களைப் போட்டுப் பார்க்கலாம்.

100 ஏக்கர் என்றால் 10,000 சென்ட். சாலை, பூங்கா, பள்ளி, தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர் நிலையம் என்று 40 விழுக்காட்டை எடுத்துவிட்டால் 6,000 சென்ட் மிச்சம். அதில் பாதியை ஏழைகளுக்கு ஆளுக்கு 1 சென்ட் வீதம் கொடுத்தால் 3,000 மனைகள். இன்னொரு பாதியை 2, 3 சென்ட் மனைகளாகவும் ரோட்டு முனைக் கடை மனைகளாகவும் சந்தை விலைக்கு விற்கலாம். ரோடு, சாக்கடை, குடிநீர்ச் செலவுக்கு அதிலிருந்து பணம் வரும். அதே நிலத்தில் ஏக்கருக்கு 100 வீடு என்று அடுக்குமாடி கட்டினால் 10,000 வீடுகள். ஒரு வீட்டுக்கு 10 லட்சம் என்று வைத்தால் 1,000 கோடி ரூபாய். அது முழுக்க அரசின் பணம், அல்லது அரசின் கடன்.

முதல் நாளில் 10,000-க்கு 3,000. மாடி வெல்கிறது, சந்தேகமில்லை. ஆனால் 15 வருஷம் தள்ளிப் பாருங்கள். 1 சென்ட் என்பது 435 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். அதில் தரைத் தளமும் இரண்டு மாடியும் வந்தால் ஒரு மனையில் இரண்டு, மூன்று குடும்பங்கள். 3,000 மனைகளில் 6,000 முதல் 9,000 குடும்பங்கள். பெரிய மனைகளில் வரும் குடும்பங்கள் தனி. மேலே வந்த ஒவ்வொரு அறையும் மக்கள் தங்கள் சேமிப்பில் கட்டியது. சீட்டு எடுத்து, நகையை அடகு வைத்து, மகளிர் குழுக் கடன் வாங்கிக் கட்டியது. மாடிக் குடியிருப்பு 10,000-லேயே நிற்கும், பராமரிப்புச் செலவோடு.

ஆகவே கேள்வி எண்ணிக்கையில் இல்லை, அவசரத்தில்தான் இருக்கிறது. நாளைக்கே கூரை வேண்டியவர்கள் எத்தனை பேர், பத்து வருஷத்தில் வளரக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று பிரிக்காமல் எல்லோரையும் ஒரே பட்டியலில் போட்டு மாடி கட்டுவதால்தான் பணமும் போதவில்லை, மக்களுக்கும் திருப்தி இல்லை.

பணம் மட்டும் கொடுத்தால்?

2015-ல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில் பயனாளியே கட்டிக்கொள்ளும் பிரிவு ஒன்று இருந்தது. மத்திய அரசு 1.5 லட்சம், தமிழ்நாடு அரசு 60 ஆயிரம், மொத்தம் 2.10 லட்சம் ரூபாய் மானியம். வேலையின் முன்னேற்றத்துக்கு ஏற்பத் தவணைகளாக வந்தது. கிராமப்புறங்களுக்கு 2024-ல் வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம், 360 சதுர அடி வீடு. இவை நல்ல திட்டங்கள். கட்டுகிறவரையே முதலாளியாக வைக்கின்றன.

ஆனால் சொந்த இடமும் பட்டாவும் இருந்தால்தான் இந்தப் பணத்தைத் தொட முடியும். நகரத்தில் ஏழையிடம் இல்லாதது அதுதானே?

இலங்கையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். போருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் இந்திய அரசின் உதவியில் வந்த வீட்டுத் திட்டத்தில், ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாயைக் கட்டக் கட்டத் தவணையாகக் கொடுத்தார்கள். காணி இருந்தவர்கள் தங்கள் காணியில் தாங்களே நின்று கட்டினார்கள். அதே திட்டம் தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலையகத்துக்குப் போனபோது அப்படிச் செய்ய முடியவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில், வாழ்ந்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு அடி நிலமும் கிடையாது. அங்கே முதலில் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி ஒதுக்க வேண்டியிருந்தது. நம் கணக்கில் அது நாலரை சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. காணி கிடைத்த பிறகுதான் பணத்துக்கு வேலை.

சென்னையில் வாடகைக் குடும்பத்தின் நிலைமையும் இதற்கு அதிக தூரத்தில் இல்லை. மானியத்தை ஐந்து லட்சமாக உயர்த்தினாலும் மனை இல்லாதவருக்கு அது எட்டாது. மானியமும் மனையும் போட்டி போடும் இரண்டு வழிகள் என்று நினைப்பதை விட்டு, முதலில் மனை, அதன் மேல் மானியம் என்று சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இருக்கும் இடத்திலேயே?

பல வருஷமாக மக்கள் குடியிருக்கும் புறம்போக்கில், நீர்வழி இல்லாத இடத்தில், பட்டா கொடுத்துத் தெருவையும் குழாயையும் கொண்டுவருவதுதான் மிகக் குறைந்த துன்பம் தரும் வழி. வேலை போகாது, பிள்ளைகளின் பள்ளி மாறாது, அக்கம்பக்கம் பிரியாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. இருப்பவர்களை எழுப்பி எங்கோ கொண்டுபோவதற்கு மனைத் திட்டம் ஒரு சாக்காக மாறினால், அதை நான் எதிர்ப்பேன்.

ஆனாலும் இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. வீடுகள் நெருக்கமாக வந்த பிறகு சாக்கடை போடுவது கஷ்டம், ரோட்டை அகலப்படுத்துவது அதைவிடக் கஷ்டம். தான்சானியாவில் இதை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. 1970-களிலும் 80-களிலும் உலக வங்கி உதவியோடு ஏழு நகரங்களில் இரண்டு வேலைகளும் அக்கம்பக்கமாக நடந்தன. தார் எஸ் சலாமில் சின்சா போன்ற இடங்களில் வெறும் நிலத்தில் தெருவும் மனையும் போட்டார்கள். மன்செசே போன்ற இடங்களில், ஏற்கெனவே இருந்த குடியிருப்புக்குள் ரோடும் தண்ணீரும் கொண்டுபோனார்கள். பத்தாண்டுகள் பல கழித்து ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களையும் வீட்டுக் கணக்கெடுப்புகளையும் வைத்துப் பார்த்தார்கள். முன்கூட்டியே மனை போட்ட இடங்களில் வீடுகள் பெரியவை, தெரு ஒழுங்கு நிலைத்திருந்தது, வசதிகள் கூடுதல். பிறகு மேம்படுத்திய இடங்களில் அப்படியொரு நிலைத்த முன்னேற்றம் தெரியவில்லை. முன்கூட்டித் திட்டமிட்ட இடங்களில் படித்த, ஓரளவு வசதியான குடும்பங்கள் அதிகம் சேர்ந்திருந்தன என்பதும் அந்த ஆய்வில் வருகிறது. அரும்பாக்கத்துக் கைமாற்றுக் கதை அங்கேயும் உண்டு.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: இருப்பவர்களுக்குப் பட்டா, இனி வரப்போகிறவர்களுக்கு மனை. ஒன்றைச் செய்ததால் இன்னொன்றை விட்டுவிட முடியாது.

எதுவும் செய்யாவிட்டால்

அரசு மனை போடாத இடத்தில் மக்கள் சும்மா இருப்பதில்லை. தனியார் மனை வாங்குகிறார்கள். கல் நட்டு, கலர் கொடி கட்டி, வேன் வைத்துக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். வயலைப் பிரித்துப் போட்ட அந்த மனைகளில் அங்கீகாரமும் இல்லை, சாக்கடையும் இல்லை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டது. அப்போதுதான் மாநிலம் முழுக்க எவ்வளவு குடும்பங்கள் இப்படி வாங்கியிருக்கின்றன என்பது வெளியே வந்தது. 2017-ல் வரன்முறைத் திட்டம் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளுக்குக் கட்டணம் வாங்கி அங்கீகாரம் தர வேண்டிவந்தது.

அந்த மனைகளை வாங்கியவர்கள் பெரும்பாலும் சம்பளக்காரர்கள், சிறு வியாபாரிகள், கொத்தனார்கள், ஓட்டுநர்கள். தாங்களே மெல்ல மெல்ல வீடு கட்டத் தயாராக இருந்தவர்கள். அதாவது மனைத் திட்டத்துக்கு ஆள் கிடைக்குமா என்ற சந்தேகமே தேவையில்லை. அவர்கள் ஏற்கெனவே தனியாரிடம் முழு விலை கொடுத்து, சாக்கடை இல்லாத மனையை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். செப்டிக் டேங்க் லாரிக்கும் தண்ணீர் லாரிக்கும் மாதாமாதம் தண்டம் அழுகிறார்கள். பத்து வருஷம் கழித்து அதே தெருவைத் தோண்டிக் குழாய் போட அரசு செலவழிக்கும். முதலிலேயே குழாயைப் போட்டிருந்தால் இதைவிடக் குறைவாகவே ஆகியிருக்கும்.

மனைத் திட்டம் எங்கே சறுக்கும்

நிலத்தின் விலைதான் முதல் தடை. 1970-களில் அரசு பழைய 1894 சட்டத்தின்படி நிலத்தை எடுத்தது. விலை குறைவு, விவசாயிக்கு அநியாயம். 2014 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் சந்தை மதிப்பைப் போல இரண்டு மடங்கு, கிராமப்புறத்தில் அதற்கும் மேல் கொடுக்க வேண்டிவரலாம். அது நியாயம்தான், நிலம் கொடுப்பவர் இளைக்கக் கூடாது. ஆனால் அந்த விலைக்கு வாங்கி 1 சென்ட் மனையை ஏழைக்குக் கொடுக்க அரசால் எளிதில் முடியாது. இதற்கு அகமதாபாத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நிலத்தை விலைக்கு எடுப்பதில்லை. ஒரு பகுதியின் உரிமையாளர்கள் எல்லோருடைய நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்து, தெருவுக்கும் பொது வசதிக்கும் எளியோர் வீட்டுக்கும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை ஒழுங்கான மனைகளாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள். பரப்பு குறைந்தாலும் மதிப்பு கூடுவதால் உரிமையாளர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டிலும் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட தனியார் மனைப்பிரிவில், சாலை போக, 10 விழுக்காட்டை நலிந்த பிரிவினருக்கான மனைகளாக ஒதுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த மனைகள் உண்மையில் யார் கைக்குப் போகின்றன என்று கண்காணித்தாலே நிலம் வாங்காமல் நிறைய மனைகள் கிடைக்கும்.

இரண்டாவது தடை, காலி மனை. அரசு எல்லா வசதியும் செய்து முடித்து மனையை விலை போட்டு விற்கும்போது, அவசரத்தில் இருக்கும் ஏழையால் அந்த விலை கொடுக்க முடியாது. கையில் பணம் வைத்திருப்பவர் வாங்கிப் பூட்டி வைப்பார். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் 1980-களின் நடுவில் இதைத் தலைகீழாக்கிப் பார்த்தார்கள். அங்கே நகர வளர்ச்சி அமைப்பில் இருந்த தஸ்னீம் சித்திக்கி என்ற அதிகாரி 'குதா கி பஸ்தி' என்ற குடியிருப்பை உருவாக்கினார். மனை வேண்டும் என்பவர் விண்ணப்பம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. பெண்டு பிள்ளைகளோடும் சட்டி பானையோடும் வந்து அங்கேயே ஒரு பொது இடத்தில் சில நாள் தங்க வேண்டும். அப்படித் தங்குபவர்தான் உண்மையில் வீடில்லாதவர் என்று எடுத்துக்கொண்டு, சிறிய முன்பணம் வாங்கி, 80 சதுர கஜ மனை கொடுத்தார்கள். உடனே குடியேற வேண்டும், வராவிட்டால் ரத்து. தொடக்கத்தில் பொதுத் தண்ணீர் மட்டும்தான். மக்கள் தவணை கட்டக் கட்ட, தெருத் தெருவாகச் சாக்கடையும் மின்சாரமும் வந்தன. ஊக வணிகருக்கு அங்கே வேலை இல்லாமல் போனது. 1995-ல் ஆகா கான் கட்டடக்கலை விருதும், 1999-ல் சித்திக்கிக்கு மகசேசே விருதும் கிடைத்தன.

இதை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று சொல்லமாட்டேன். கைக்குழந்தையோடு ஒரு குடும்பத்தை வெட்டவெளியில் தங்கவைத்துச் சோதிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சாக்கடையும் கழிவறையும் சென்னை மாதிரி நிலத்தடி நீர் மேலேயே இருக்கும் ஊரில் முதல் நாளே வேண்டும். ஆனால் மற்ற வசதிகளைப் படிப்படியாகக் கொண்டுவருவது, குடியேறாத மனையை ரத்து செய்வது என்ற இரண்டையும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, கட்டும் பணம். தவணை முடியும்வரை கிரயப் பத்திரம் கிடையாது. பத்திரம் இல்லாமல் வங்கி கடன் தராது. கடன் இல்லாமல் வீடு எழும்பாது. ஒதுக்கீட்டு ஆணையையே அடமானமாக ஏற்கும்படி வங்கியோடு வாரியம் ஒப்பந்தம் போட்டால் இந்தச் சிக்கல் தீரும். அதன் மேல் நகர்ப்புற வீட்டு மானியத்தையும் சேர்க்க வேண்டும். இன்று சென்னையில் சதுர அடிக்கு 2,000 ரூபாய்க்குக் கீழே கட்டுவது கடினம். 200 சதுர அடிக்கே 4 லட்சம். மானியத்தில் பாதி வந்துவிட்டால் மீதியைக் குடும்பம் திரட்டிக்கொள்ளும். அனுமதி வாங்கும் தொல்லை ஓரளவு குறைந்துவிட்டது. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட, சுயசான்று அடிப்படையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. சிறு மனைக்காரருக்கு இது பெரிய உதவி.

என் முடிவு

ஆற்றங்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் ஆபத்தில் இருப்பவர்களுக்குக் கட்டிய வீடு, அதுவும் இப்போது இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், மூன்று நான்கு தளத்துக்குள். வயதானவர்களுக்கும் கட்ட முடியாதவர்களுக்கும் அதுவே. ஆபத்தில்லாத புறம்போக்கில் நெடுங்காலமாக இருப்பவர்களுக்கு அங்கேயே பட்டா. சொந்த மனை உள்ளவர்களுக்கு மானியம். இவர்கள் போக, நகரத்துக்கு வேலை தேடி வந்து வாடகையில் வாழும் இளம் குடும்பங்கள்தான் மிகப் பெரிய கூட்டம். அவர்களுக்கு வசதி செய்த சிறு மனைதான். அந்த 100 ஏக்கரை நான் இதற்குத்தான் கொடுப்பேன். ஒரு மூலையில் 10 ஏக்கரை மட்டும் கட்டிய வீடுகளுக்கு ஒதுக்குவேன்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், திருப்பூர் மாதிரியான இடங்களில் இதை இன்னும் அவசரமாகச் செய்ய வேண்டும். தொழிற்சாலைகள் வந்துவிட்டன, தொழிலாளர்களும் வந்துவிட்டார்கள், ஆனால் சுற்றிலும் இன்னும் தரிசு நிலம் இருக்கிறது. வீடுகள் நெருங்கும் முன் 30 அடி, 40 அடித் தெருவுக்குக் கல் நட அங்கே இன்னும் அவகாசம் இருக்கிறது.

ஒதுக்கீட்டு ஆணையில் இவற்றை எழுதச் சொல்வேன். மனை குடும்பத் தலைவியின் பெயரில், அல்லது கணவன் மனைவி இருவர் பெயரிலும். இரண்டு வருஷத்துக்குள் ஓர் அறையாவது கட்டிக் குடிவர வேண்டும், இல்லையேல் அடுத்தவருக்கு. பத்து வருஷத்துக்கு வெளியாருக்கு விற்கக் கூடாது. விற்றே ஆக வேண்டிய நெருக்கடி வந்தால் வாரியமே நியாய விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். வாடகைக்கு விடத் தடை கூடாது, தரைத் தளத்தில் கடை வைக்கவும் தடை கூடாது. அப்புறம் பஸ். 1977 திட்டத்தில் பல்லவன் போக்குவரத்துக் கழகத்துக்குப் பஸ் வாங்கவும் பணிமனை கட்டவும் சேர்த்தே பணம் ஒதுக்கியிருந்தார்கள். இப்போதும் பஸ்ஸுக்கான செலவை மனைத் திட்டத்தின் மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும். முதல் குடும்பம் சாமான் இறக்கும் நாளில் காலை 5 மணிக்கு ஒரு பஸ் அங்கிருந்து நகரத்துக்குக் கிளம்ப வேண்டும்.